இணைய முகவரியில் ஒகர, ஓகார, ஔகார உயிர்மெய்கள்: ஒருங்குறி இயல்பாக்கத்தின் தேவை

முன்னுரை

மின்னூலகங்களும் மின்னகராதிகளும் நூற்பெயரையும் தலைச்சொல்லையும் இணைய முகவரியிலேயே தமிழில் அமைக்கின்றன. ஆய்வேடுகளில் அம்முகவரிகள் சான்றுகளாகக் காட்டப்படுகின்றன. கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் முகவரி கணினிக்கு இரண்டாக அமைவதையும், அதனைத் தவிர்க்கும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

முகவரியில் தமிழ் எழுத்து

2005ஆம் ஆண்டு வெளியான ஆர்எஃப்சி 3986 என்னும் தர ஆவணத்தின்படி, முகவரியில் ஆஸ்கி எழுத்துகளே இடம்பெறலாம். பிற எழுத்துகள் யூடிஎஃப்-8 முறையில் பைட்டுகளாக்கப்பட்டு, ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு இரண்டு பதினறும இலக்கங்களாக எழுதப்படும். தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளாதலின் முகவரியில் ஒன்பது இடங்களைக் கொள்ளும். 'தமிழ்' என்னும் சொல்லில் ஐந்து குறியெண்கள் உள்ளன. அது 45 இடங்களாக விரியும்.

ஒரு வடிவம், இரு குறியேற்றம்

ஒகர உயிர்மெய்க் குறியை 3018 என்னும் ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு (3014), துணைக்கால் (3006) என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். ஓகார, ஔகாரக் குறிகளுக்கும் 'ஔ' என்னும் உயிரெழுத்துக்கும் இவ்விருமை உண்டு. பிரெஞ்சு முதலிய மொழிகளின் ஒலிக்குறி ஏற்ற எழுத்துகளிலும் இதே சிக்கல் காணப்படுகிறது.

'தொல்காப்பியம்' என்பது சேர்ந்த வடிவில் 13 குறியெண்கள், 117 இடங்கள். பிரிந்த வடிவில் 14 குறியெண்கள், 126 இடங்கள். பைட்டுகளை மட்டுமே ஒப்பிடும் வழங்கிக்கு இவை வெவ்வேறு முகவரிகள். ஆப்பிள் கணினிகளின் எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை கோப்புப் பெயர்களைப் பிரிந்த வடிவில் சேமிப்பதால், அங்கிருந்து பதிவேற்றப்படும் கோப்புகளில் இவ்வேறுபாடு நுழையக்கூடும். விளைவாக, இருக்கும் நூலே இல்லையென விடை வரும்.

தீர்வு

ஒருங்குறித் தரம் இவ்விரு வடிவங்களையும் நிகரானவை எனக் கொண்டு, என்எஃப்சி என்னும் இயல்பாக்கத்தால் சேர்ந்த வடிவிற்குக் கொணர்கிறது. செயலி முதலில் முகவரியின் விழுக்காட்டுக் குறியேற்றத்தை ஒருமுறை மட்டும் நீக்கி, பின் இயல்பாக்கி, அதன்பின் தேட வேண்டும். சேமிக்கும் பெயர்களையும் அவ்வாறே இயல்பாக்க வேண்டும். முன்னரே பரவிய பிரிந்த வடிவ முகவரிகளை நிலையான வழிமாற்றால் புதியவற்றோடு இணைக்க வேண்டும். எனினும், ஔகாரத்தின் இறுதிக் குறிக்கு மாற்றாக 'ள' என்னும் எழுத்தைத் தட்டச்சிடும் பிழையை இயல்பாக்கம் திருத்தாது. அதனை மெய்ப்புத் திருத்தமே களையும்.

முடிவுரை

முகவரி கிட்டாமை நூல் இன்மைக்குச் சான்றாகாது. எனவே ஆய்வாளர் இரு வடிவங்களிலும் தேடிய பின்னரே முடிவுகூறல் தகும். அச்சில் மேற்கோள் காட்டுவோர் தமிழ் முகவரியுடன் எண்வழி நிலை அடையாளமும் தருதல் நன்று. ஏடுகளை ஒப்பிட்டுப் பாடம் தெளிந்த தமிழ்ப் பதிப்பு மரபிற்கு, குறியெண் ஒப்பீடும் இன்று உரிய பணியே.