விடிவதற்குள் நிரம்புமா?

இரவு மணி பத்து. மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்குத் தாமான் நெகாரா முகாமுக்குப் பேருந்து புறப்படுகிறது. பையில் இருக்கும் 20,000 மில்லி ஆம்பியர் மணி பவர் பேங்க் முற்றிலும் வற்றிக் கிடக்கிறது. ஏழு மணி நேரத்தில் அது நிரம்புமா?

வீட்டிலுள்ள பழைய மின்னூட்டியில் ‘5 வோல்ட், 2 ஆம்பியர்’ என்று அச்சிடப்பட்டுள்ளது. 20,000 மில்லி ஆம்பியர் மணி என்பது 20 ஆம்பியர் மணி. அதை 2ஆல் வகுத்து, பத்து மணி நேரம் ஆகும் எனப் பலர் சொல்லிவிடுவர். விடை உண்மைக்கு அருகில் இருந்தாலும் வழி தவறு. பவர் பேங்கில் குறிக்கப்பட்ட அளவு, உள்ளிருக்கும் லித்தியம் மின்கலத்தின் 3.7 வோல்ட்டுக்கு உரியது. மின்னூட்டியின் 2 ஆம்பியரோ 5 வோல்ட்டில் வருவது. படியால் அளந்த அரிசியைக் கிலோவால் வகுக்கலாமா?

இரண்டையும் ஒரே அளவைக்குக் கொண்டுவர வேண்டும். ஆம்பியர் மணியை வோல்ட்டால் பெருக்கினால் வாட் மணி கிடைக்கும்: 20 × 3.7 = 74. இந்த எண் பெரும்பாலும் பவர் பேங்கின் மேலேயே பொடி எழுத்தில் இருக்கும். (விமானத்தில் சிறப்பு அனுமதியின்றி எடுத்துச் செல்லப் பொதுவாக 100 வாட் மணிதான் வரம்பு என்பதால், அங்கும் இதே எண்ணைத்தான் பார்ப்பார்கள்.) மின்னூட்டி தருவது 5 × 2 = 10 வாட். 74ஐ 10ஆல் வகுத்தால் 7.4 மணி நேரம். வெப்பமாக வீணாகும் ஆற்றலுக்காகக் கால் பங்கு சேர்த்தால் ஏறத்தாழ ஒன்பதேகால் மணி நேரம். பேருந்து அதுவரை காத்திருக்காது.

அக்காளிடம் 20 வாட் மின்னூட்டி இருந்தால் இந்த நேரம் பாதியாகக் குறையும். ஆனால், பவர் பேங்கின் ‘உள்ளீடு’ எவ்வளவு என்பதை முதலில் பார்க்க வேண்டும். அது 10 வாட் மட்டுமே ஏற்குமானால், 65 வாட் மின்னூட்டியைச் செருகினாலும் பயனில்லை. இரண்டில் சிறிய எண்தான் கணக்குக்கு உரியது.

இன்னொன்று, மின்கலம் முதலிலிருந்து கடைசிவரை ஒரே வேகத்தில் நிரம்புவதில்லை. அதன் மின்னழுத்தம் உச்ச வரம்பைத் தொட்டதும் உள்ளே பாயும் மின்னோட்டம் படிப்படியாகக் குறைக்கப்படுகிறது. திறன்பேசி 80 விழுக்காட்டுக்கு மேல் நத்தைபோல் நகர்வதன் காரணம் இதுவே.

சரி, பழைய மின்னூட்டி ஒன்றுதான் கையில் உள்ளது என்றால்? ஐந்து மணிக்குள் பவர் பேங்க் ஏறத்தாழ முக்கால் பங்கு நிரம்பியிருக்கும். 5,000 மில்லி ஆம்பியர் மணி திறன்பேசியை இருமுறை நிரப்ப அது போதும். மெத்தைமேல் வைக்காமல், காற்றோட்டமான வெறுந்தரையில் வைத்து இப்போதே செருகிவிடலாம்.