மக்காச்சோளத்திற் பிறக்கும் நெகிழி

மாலையிற் பிரை ஊற்றிய பால் மறுநாட் காலையில் தயிராக உறைந்திருத்தலை நாம் நாள்தோறும் காண்கின்றோம். அத்தயிரின் புளிப்பிற்குக் காரணம், பாலிலுள்ள சர்க்கரையை உண்ட நுண்ணுயிர்கள் ஆக்கிய லாக்டிக் அமிலமாகும். புளித்த பாலினின்று அதனை 1780ஆம் ஆண்டிற் பிரித்தெடுத்தவர் சுவீடனில் வாழ்ந்த ஷீலே என்னும் அறிஞர். அவ்வமிலமே இன்று குவளையாகவும் தட்டாகவும் நூலிழையாகவும் உருப்பெறுகின்றது என்றால், மாணவர்களே, உங்கட்கு வியப்புத் தோன்றும் அன்றோ?

அமெரிக்க நாட்டு நெபிராஸ்கா மாநிலத்தில் மக்காச்சோளம் மிகுதியாக விளைகின்றது. அங்குள்ள பிளேர் என்னும் ஊரில் 2002ஆம் ஆண்டு இதற்கெனப் பெரியதோர் ஆலை தொடங்கப்பெற்றது. முதற்கண் சோளத்தின் மாவுப்பொருளைச் சர்க்கரையாக மாற்றுவர். அதனை நுண்ணுயிர்கட்கு இரையாக இட்டு லாக்டிக் அமிலத்தைப் பெறுவர். பின்னர் அமில மூலக்கூறுகளை இரண்டிரண்டாக வளையமாக்குவர். இருவர் இருவராகக் கைகோத்துத் தட்டாமாலை சுற்றும் சிறுமியர், ஒரு கையை விடுத்து அடுத்தவரைப் பற்றி நெடுவரிசையாவதுபோல, அவ்வளையங்கள் அவிழ்ந்து நீண்ட சங்கிலியாக இணையும். அச்சங்கிலியே பாலிலாக்டிக் அமிலம். பாலியெஸ்டர் இனத்தைச் சேர்ந்தது. நைலானைக் கண்ட கரோதர்ஸ் 1932ஆம் ஆண்டிலேயே இதனை ஆக்கினார். எனினும் அவர் பெற்ற பொருள் வலிவு குறைந்திருந்தது.

பெட்ரோலியத்தினின்று செய்யும் நெகிழியிலுள்ள கரி, பல கோடி ஆண்டுகளாக நிலத்தடியிற் புதைந்து கிடந்தது. சோளத்தின் கரியோ ஒரு பருவத்திற்குள் இலைகள் காற்றினின்று கொண்டது. புதிய நெகிழியின் முதற் சிறப்பு இதுவே.

செடியிற் பிறந்தமையால் அது மண்ணில் எளிதாக மக்கிவிடும் என்று யானும் எண்ணியிருந்தேன். இத்தகைய குவளை ஒன்றை வீட்டுக் குப்பைக்குழியிற் புதைத்து, ஓராண்டு கழித்துத் தோண்டினேன். மக்காச்சோளத்திற் பிறந்தது மக்காமலே கிடந்தது! கழுவினால் மோர் பருகலாம் போலிருந்தது. காரணம் பின்னரே விளங்கிற்று. ஏறத்தாழ 60 பாகை வெப்பமும் ஈரமும் இடையறாது நிலவும் உர ஆலையில், நீர் அச்சங்கிலியை முதலில் அறுக்கும். அறுந்த துண்டுகளையே நுண்ணுயிர்கள் உண்ணும். அவ்வெப்பம் என் குழியில் இல்லை, கடலிலும் இல்லை.

பிரேசில் நாட்டில் 2010ஆம் ஆண்டுமுதல் கரும்புச் சாராயத்தினின்று பாலித்தீன் செய்கின்றனர். கரும்பின் பிள்ளையாயினும் அது பெட்ரோலியப் பாலித்தீனைப் போன்றே மக்காது. மறுபுறம், பெட்ரோலியத்தினின்று செய்யும் பாலியெஸ்டர்களுள்ளும் உர ஆலையில் மக்குவன உண்டு. ஆதலின், எதிற் பிறந்தது என்பது ஒரு வினா. எங்ஙனம் அழியும் என்பது வேறொரு வினா. கடைகளில் எழுதி வைக்கும் விளம்பரங்கள் இவ்விரண்டையும் பெரும்பாலும் ஒன்றாகக் குழைத்துவிடுகின்றன.

இரண்டிற்கும் நல்விடை தரும் பாலியெஸ்டரும் உண்டு. 1926ஆம் ஆண்டிற் பாரிஸ் நகரத்து லெமுவாஞ், சில நுண்ணுயிர்கள் தம் உடலுள் அதனைச் சேர்த்து வைத்தலைக் கண்டார். நாம் கொழுப்பைச் சேர்ப்பது போன்றதே அஃது. உயிர்கள் தமக்கு உணவாக ஆக்கிய பொருளாதலின், மண்ணிலும் கடலிலும் அதனை உண்ணவல்ல நுண்ணுயிர்கள் பல உள. ஆயினும் ஆக்கும் செலவு மிகுதி. ஆதலின் பாலித்தீன் பையின் இடத்தை அஃது இன்னும் பெறவில்லை.