பொறியியல் கல்லூரித் தேர்வு: செலவும் பொருத்தமும்

நம் நாட்டில் ஆண்டுதோறும் கோடைக்காலத்தில் பல லட்சம் குடும்பங்கள் ஒரே கேள்வியை எதிர்நோக்குகின்றன. பொறியியல் பயில விரும்பும் மகனையோ மகளையோ எந்தக் கல்லூரியில் சேர்ப்பது? குறைந்த கட்டணமுள்ள கல்லூரியில் விரும்பிய பாடப்பிரிவு கிடைப்பதில்லை. விரும்பிய பிரிவு கிடைக்கும் கல்லூரியின் கட்டணமோ குடும்பத்தின் சக்திக்கு மீறியதாக இருக்கிறது. கலந்தாய்வில் முடிவு செய்யக் கிடைக்கும் அவகாசம் சில நாட்களே. ஆனால் அம்முடிவின் விளைவு பதினைந்து ஆண்டுகள் வரை நீடிக்கக்கூடும். எனவே செலவையும் பொருத்தத்தையும் முறையாகச் சீர்தூக்கிப் பார்க்கும் வழியை மாணாக்கரும், அவர்களுக்கு வழிகாட்டும் அலுவலர்களும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

பின்னணி

ரூர்க்கியில் 1847-இல் தொடங்கிய கல்லூரியும், 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தோன்றி வளர்ந்த கிண்டிக் கல்லூரியும் அரசுப் பணிக்குப் பொறியாளர்களைத் தயாரிக்கவே ஏற்பட்டவை. விடுதலைக்குப் பின், 1951-இல் கரக்பூரில் முதல் ஐ.ஐ.டி. தொடங்கப்பட்டது. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்ட காலத்தில் மத்திய, மாநில அரசுகளின் கூட்டு முயற்சியாக வட்டாரப் பொறியியல் கல்லூரிகள் உருவாகத் தொடங்கின. அவை 2002 முதல் தேசியத் தொழில்நுட்பக் கழகங்களாக மாற்றம் பெற்றன. அக்காலத்தில் இடங்கள் குறைவு, கட்டணமும் குறைவு. இடம் கிடைக்குமா என்பதே கேள்வியாக இருந்தது.

எண்பதுகளில் சுயநிதிக் கல்லூரிகள் பெருகியபோது நிலைமை மாறியது. நன்கொடை என்ற பெயரில் பெருந்தொகை வசூலிப்பதைத் தடுக்க ஆந்திரம் 1983-லும், கர்நாடகம் 1984-லும், மகாராஷ்டிரம் 1987-லும், தமிழ்நாடு 1992-லும் சட்டம் இயற்றின. உச்ச நீதிமன்றத்தின் 2003-ஆம் ஆண்டுத் தீர்ப்பையொட்டி மாநிலங்களில் கட்டண நிர்ணயக் குழுக்கள் அமைந்தன. இன்று பல மாநிலங்களில் இடங்கள் ஏராளம். 'இடம் கிடைக்குமா' என்ற கேள்வியைவிட 'இந்த இடம் இந்த விலைக்குத் தகுமா' என்ற கேள்வியே முன்னிற்கிறது.

அறிவிக்கப்பட்ட கட்டணமும் உண்மைச் செலவும்

கட்டண அட்டவணையில் காணும் தொகை ஒரு குடும்பம் உண்மையில் செலுத்தும் தொகையாகாது. அது சில சமயம் மிகைத் தோற்றம் தருகிறது. சில சமயம் குறைத்துக் காட்டுகிறது.

மிகைத் தோற்றத்துக்கு ஐ.ஐ.டி.க்கள் எடுத்துக்காட்டு. இளநிலைப் படிப்பின் ஆண்டுக் கல்விக் கட்டணம் 2016-இல் ரூ.90,000-இலிருந்து ரூ.2 லட்சமாக உயர்த்தப்பட்டது. ஆனால் பட்டியல் சாதி, பழங்குடி மாணாக்கருக்கும், மாற்றுத் திறனாளிகளுக்கும், குடும்ப ஆண்டு வருமானம் ரூ.1 லட்சத்துக்குக் குறைந்தோருக்கும் அக்கட்டணம் முழுவதும் தள்ளுபடி. வருமானம் ரூ.1 லட்சம் முதல் ரூ.5 லட்சம் வரையெனில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. தேசியத் தொழில்நுட்பக் கழகங்களிலும் இத்தகைய சலுகை உண்டு. தொகையைக் கண்டு அஞ்சி விண்ணப்பிக்காமலே விட்டுவிடும் ஏழை மாணாக்கர் தமக்கு உரியதை இழக்கின்றனர்.

பிற கல்லூரிகளிலும் சலுகைகள் உள்ளன. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் கட்டண விலக்குத் திட்டத்தின்படி, அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்கு மேல் 5 சதவிகித இடங்கள் கல்விக் கட்டணமின்றி வழங்கப்படுகின்றன. குடும்ப வருமான வரம்பு ரூ.8 லட்சம். அதே வருமான வரம்புக்கு உட்பட்ட குடும்பத்துப் பெண்களுக்குப் 'பிரகதி' உதவித்தொகை ஆண்டுக்கு ரூ.50,000 கிடைக்கிறது. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணாக்கருக்கு 2021 முதல் 7.5 சதவிகித ஒதுக்கீடு நடைமுறையில் உள்ளது. அவ்வாறு சேர்வோரின் கட்டணத்தை அரசே ஏற்கிறது.

மறுபுறம், கல்விக் கட்டணம் மட்டுமே செலவாகாது. விடுதி, உணவு, பேருந்து, தேர்வுக் கட்டணம், நூல்கள், கணினி, ஊருக்கு வந்து போகும் ரயில் செலவு ஆகியவற்றையும் கூட்ட வேண்டும். நான்கு ஆண்டுக்கான மொத்தத் தொகையை ஒரே தாளில் எழுதி, அதிலிருந்து உறுதியாகக் கிடைக்கும் சலுகைகளை மட்டும் கழித்தால் எஞ்சுவதே உண்மைச் செலவு. கிடைக்கலாம் என எதிர்பார்க்கும் உதவியைக் கணக்கில் சேர்த்தல் கூடாது.

கடனின் கணக்கு

ஓர் உதாரணம் காண்போம். ஒரு மாணவிக்கு இரண்டு இடங்கள் கிடைக்கின்றன. ஒன்று, சொந்த மாவட்டத்திலுள்ள அரசுக் கல்லூரியில் கட்டடப் பொறியியல். எல்லாச் செலவும் சேர்ந்து ஆண்டுக்கு ரூ.60,000. மற்றொன்று, தொலைவிலுள்ள நகரத்தின் தனியார் கல்லூரியில் கணினிப் பொறியியல், ஆண்டுக்கு ரூ.2,60,000. குடும்பத்தால் ஏற்கக் கூடியது ரூ.60,000 மட்டுமே. எனவே இரண்டாவது இடத்துக்கு ஆண்டுக்கு ரூ.2 லட்சம் வீதம் ரூ.8 லட்சம் கடன் தேவை.

வட்டி 10 சதவிகிதம் எனக் கொள்வோம். படிப்புக் காலத்திலும் அதன் பின் ஓராண்டிலும் தனிவட்டி சேரும். முதல் தவணைக்கு ஐந்தாண்டு, அடுத்தவற்றுக்கு முறையே நான்கு, மூன்று, இரண்டு ஆண்டுகள் என வட்டி ரூ.2,80,000 ஆகிறது. திருப்பிச் செலுத்தத் தொடங்கும்போது கடன் ரூ.10,80,000. இதைப் பத்தாண்டில் தீர்க்க மாதம் சுமார் ரூ.14,270 செலுத்த வேண்டும், மொத்தம் ரூ.17 லட்சத்துக்கு மேல். பதினைந்து ஆண்டெனில் மாதத் தவணை சுமார் ரூ.11,600 ஆகக் குறையும். ஆனால் மொத்தம் ஏறத்தாழ ரூ.21 லட்சமாக உயரும்.

முதல் வேலையில் மாதம் ரூ.25,000 ஊதியம் பெறுபவருக்கு ரூ.14,270 என்பது பாதிக்கு மேல். ஆகவே பணத்தளவில் கேட்க வேண்டிய கேள்வி இதுவே: இரண்டாவது கல்லூரியில் படிப்பதால், முதல் கல்லூரியில் படித்திருந்தால் கிடைக்கும் ஊதியத்தைவிட மாதம் ரூ.14,000-க்கு மேல் கூடுதலாகப் பத்தாண்டுகள் கிடைக்கும் என நம்புவதற்குத் தக்க ஆதாரம் உண்டா?

கடனின் நிபந்தனைகளும் தேர்வை ஒட்டியே அமைகின்றன. 2015-ஆம் ஆண்டின் கடன் உத்தரவாத நிதித் திட்டத்தின்கீழ் ரூ.7.5 லட்சம் வரையிலான கல்விக் கடனுக்குச் சொத்து ஈடு தேவையில்லை. அதைத் தாண்டினால் வீடோ நிலமோ ஈடாகக் கேட்கப்படலாம். சிறு விவசாயக் குடும்பத்துக்கு இந்த எல்லைக்கோடு மிக முக்கியமானது. நவம்பர் 2024-இல் ஒப்புதல் பெற்ற பிரதமர் வித்யாலட்சுமித் திட்டம், தரவரிசையின் அடிப்படையில் தேர்ந்தெடுக்கப்பட்ட நிறுவனங்களில் சேர்வோருக்கு ஈடும் பிணையாளரும் இன்றிக் கடன் பெற வழிசெய்கிறது, ரூ.8 லட்சம் வரை வருமானமுள்ள குடும்பத்தினருக்கு ரூ.10 லட்சம் வரையிலான கடனில் 3 சதவிகித வட்டிச் சலுகை உண்டு. வருமானம் ரூ.4.5 லட்சத்துக்கு மிகாதோருக்கு, தொழிற்கல்விக்கான திட்ட விதிகளுக்கு உட்பட்டு, படிப்புக் காலத்து வட்டியை அரசு ஏற்கிறது. மேற்கண்ட உதாரணத்தில் இச்சலுகை கிடைத்தால் கடன் ரூ.8 லட்சமாகவே நிற்கும். மாதத் தவணை சுமார் ரூ.10,570 ஆகும். எனவே கல்லூரியைத் தேர்ந்த பின் வங்கிக்குச் செல்வதைவிட, தேர்வதற்கு முன்பே வங்கியில் விசாரிப்பது நன்று.

பொருத்தம் என்பது யாது?

இவ்வளவும் பணத்தின் கணக்கு. இதை மட்டும் கொண்டு முடிவு செய்தால், மலிவான இடமே சிறந்தது எனத் தோன்றும். ஆனால் ஆர்வமில்லாத பாடத்தில் சேர்ந்து, தேர்வுகளில் தவறி, பட்டம் பெறாமல் வெளியேறும் மாணாக்கருக்கு ஆண்டுக்கு ரூ.60,000 என்பதும் வீண் செலவே. பொருத்தத்தை நான்கு கூறுகளாகப் பிரித்து ஆராயலாம்.

முதலாவது, பாடப்பிரிவு. அப்பிரிவின் முதல் இரண்டு ஆண்டுப் பாடத்திட்டத்தை மாணாக்கர் படித்துப் பார்க்க வேண்டும். கணினிப் பொறியியலை விரும்புவதாகக் கூறுவோர் பலர் அதன் வேலைவாய்ப்பை விரும்புகின்றனரேயன்றிப் பாடத்தையன்று.

இரண்டாவது, கற்பிக்கும் தரம். இளநிலைப் படிப்பில் 20 மாணாக்கருக்கு ஓர் ஆசிரியர் என்பது தொழில்நுட்பக் கல்விக் குழுவின் நியதி. கல்லூரிகள் ஆசிரியர் விவரம், கட்டணம் முதலியவற்றைக் கட்டாய வெளியீடாக அறிவிக்க வேண்டும். தேசியத் தரச்சான்று வாரியத்தின் சான்று தனித்தனிப் பாடப்பிரிவுகளுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கே வழங்கப்படுகிறது. கல்லூரியின் ஒரு பிரிவு சான்று பெற்றிருப்பதால் எல்லாப் பிரிவுகளும் பெற்றதாகாது. தாம் சேரும் பிரிவுக்குச் சான்று உண்டா, அது இன்னும் காலாவதியாகவில்லையா எனப் பார்த்தல் வேண்டும்.

மூன்றாவது, சூழல். பயிற்று மொழி, ஊரின் தொலைவு, விடுதி, உடல்நலம், குடும்பப் பொறுப்பு ஆகியன இதில் அடங்கும். தாய்மொழியில் பள்ளிக்கல்வி பயின்றவருக்கு முதல் ஆண்டில் மொழியே பெருந்தடையாகலாம். அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் கட்டடவியலையும் இயந்திரவியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. 2021-22 முதல் இந்திய மொழிகளில் பொறியியல் கற்பிக்கத் தொழில்நுட்பக் கல்விக் குழு அனுமதித்துள்ளது. ஆங்கிலவழிக் கல்லூரியாயின், தொடக்கத்தில் துணைப் பயிற்சி உண்டா என்பதைக் கேட்டறிய வேண்டும்.

நான்காவது, படிப்பு முடிந்தபின் உள்ள வாய்ப்பு. இங்குக் கல்லூரிகள் அறிவிக்கும் மிக உயர்ந்த ஊதியமோ சராசரியோ உண்மையைக் காட்டுவதில்லை. பத்து மாணாக்கரில் ஒன்பது பேருக்கு ஆண்டுக்கு ரூ.4 லட்சமும் ஒருவருக்கு ரூ.40 லட்சமும் கிடைத்தால் சராசரி ரூ.7.6 லட்சம், ஆனால் நடுநிலை ஊதியம் ரூ.4 லட்சமே. தேசிய நிறுவனத் தரவரிசைக்காகக் கல்லூரிகள் அளிக்கும் விவரங்களில் நடுநிலை ஊதியம் இடம்பெறுகிறது. அத்துடன், தகுதி பெற்றோரில் எத்தனை பேர் வேலை பெற்றனர் என்பதையும் சேர்த்தே நோக்க வேண்டும்.

சீர்தூக்கும் முறை

முதலில் பொருத்தத்தில் குறைந்தபட்ச அளவைத் தீர்மானித்து, அதற்குக் கீழுள்ள கல்லூரிகளை, எவ்வளவு மலிவாயினும், நீக்கிவிட வேண்டும். அடுத்து, குடும்பம் தாங்கக்கூடிய கடனின் உச்ச வரம்பைத் தீர்மானித்து, அதற்கு மேற்பட்டவற்றை, எவ்வளவு புகழ் பெற்றவையாயினும், நீக்க வேண்டும். தொடக்க ஊதியம் சாதாரணமாக அமைந்தாலும் செலுத்தக்கூடிய தவணையே அவ்வரம்புக்கு அளவுகோல். எஞ்சிய சிலவற்றுள், கூடுதலாகச் செலுத்தும் ஒவ்வொரு ரூபாய்க்கும் என்ன கூடுதலாகக் கிடைக்கிறது என்று கேட்டு முடிவு செய்யலாம்.

நமது உதாரணத்து மாணவிக்குக் கட்டடப் பொறியியலில் ஓரளவு ஆர்வம் இருப்பின், முதல் கல்லூரியே தக்கது. அதில் சற்றும் நாட்டமில்லையெனில், இரண்டாவது கல்லூரிக்கு உடனே தாவாமல் மூன்றாவது வழியைத் தேட வேண்டும்: கட்டண விலக்கு இடம், அரசு உதவி பெறும் கல்லூரி, அல்லது பட்டயப் படிப்பு முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரும் வழி. ஒரு வாயில் அடைபட்டதால் எல்லாம் அடைபடுவதில்லை. எளிய கல்லூரியில் பயின்றவரும் கேட் தேர்வெழுதி, உதவித்தொகையுடன் முதுநிலை பயிலலாம். பொதுத்துறை நிறுவனங்கள் பலவும் அம்மதிப்பெண்ணைக் கொண்டு ஆட்களைத் தேர்ந்தெடுத்து வந்துள்ளன.

அலுவலர் பொறுப்பு

கலந்தாய்வு மையங்களில் பணிபுரிவோர் இடங்களின் எண்ணிக்கையைச் சொல்வதோடு நின்றுவிடலாகாது. ஒவ்வொரு கல்லூரியின் நான்காண்டு மொத்தச் செலவும், பாடப்பிரிவு வாரியான தரச்சான்று நிலையும் மாணாக்கரின் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். வருமானச் சான்றும் சாதிச் சான்றும் தாமதமானால் சலுகை கைநழுவும். எனவே வருவாய்த் துறையினர் இச்சான்றுகளைப் பருவத்துக்கு முன்பே வழங்குதல் நலம். உதவித்தொகை பின்னர் வருமென்றாலும், சேரும் நாளில் பணம் இல்லாத காரணத்தால் இடத்தை இழக்கும் மாணாக்கருக்கு அது பயனற்றது. குறித்த தேதிக்குள் இடத்தைத் துறப்பவரிடம் ரூ.1,000-க்கு மேல் பிடித்தம் செய்யலாகாது என்பதும், மூலச் சான்றிதழ்களைக் கல்லூரி வைத்துக்கொள்ளலாகாது என்பதும் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் விதிகள். தவறான இடத்தில் சேர்ந்துவிட்டதாக உணர்வோர் விலகிவர இவ்விதிகளே துணை. இவற்றைப் பெற்றோர் அறியச் செய்தல் வேண்டும்.

கல்விக்குச் செய்யும் செலவு முதலீடு என்பர். முதலீடாயின், அதற்குரிய கணக்கும் கவனமும் வேண்டும். கடன் சுமையால் கிடைத்த முதல் வேலையையே பற்றிக்கொள்ள நேரும் இளம் பொறியாளர் மேற்படிப்பையோ சொந்தத் தொழிலையோ எண்ணிப் பார்க்க இயலாது. அவ்வகையில், தாங்கக்கூடிய செலவு என்பதும் பொருத்தத்தின் ஒரு கூறேயாகும்.