பழைய மின்சார டர்ட் பைக்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பெங்களூருவில் கைமாறும் மின்சார டர்ட் பைக்குகள் இரண்டு வகை. சர்ரான், டலாரியா போன்ற வெளிநாட்டு வண்டிகள் ஒன்று. சாலையில் ஓட்ட முறையான அனுமதியோடு வரும் உள்நாட்டு வண்டிகள் மற்றொன்று. பெங்களூரு நிறுவனமான அல்ட்ராவயலெட் 2025 மார்ச்சில் அறிமுகப்படுத்திய ஷாக்வேவ் இந்த வகை. எந்த வகை என்பது தெரிந்துவிட்டால் விலை பேசுவதா, வேண்டாமா என்பது பாதி முடிவாகிவிடும்.

"டர்ட் பைக்குக்கு ஆர்.சி. எதற்கு? மண்ணில்தானே ஓடுகிறது" என்பதுதான் அதிகம் கேட்கப்படும் வாதம், அதிகச் செலவு வைப்பதும் இதுவே. பதிவிலிருந்து விலக்குப் பெற, மோட்டாரின் 30 நிமிடத் திறன் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி. மூன்றும் சேர்ந்து பொருந்த வேண்டும். சர்ரான் லைட் பீயின் உச்சத்திறன் பல ஆயிரம் வாட். வேகத்தை 25-இல் பூட்டி வைத்திருப்பதாக விற்பவர் சொன்னாலும் மோட்டாரின் திறன் குறைந்துவிடாது. பதிவில்லாமல் சாலையில் ஓட்டினால் முதல் முறை 5,000 ரூபாய் வரை அபராதம், மறுமுறை 10,000 வரை. பிள்ளைக்குப் பரிசாக வாங்குவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: சிறுவர் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு.

இந்தியாவில் சாலை அனுமதிச் சோதனையே நடக்காத மாடலுக்கு ஜெயநகர் ஆர்.டி.ஓ.வும் கோரமங்களா ஆர்.டி.ஓ.வும் பின்னாளில் எண் தரப்போவதில்லை. அத்தகைய வண்டிக்கு மிஞ்சுவது தனியார் தடம்தான். டக்கார் ராலியை 2015-இல் முடித்த முதல் இந்தியரான பெங்களூரு வீரர் சி.எஸ். சந்தோஷ் கோலார் பக்கம் அமைத்த பிக் ராக் டர்ட்பார்க் போன்ற இடங்கள் இதற்கென்றே இருக்கின்றன. அங்கேகூட வண்டியை டெம்போவில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். அதற்கும் சம்மதம் என்றால் வாங்கலாம். இறக்குமதி வரி கட்டிய ரசீதை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

"மூன்று வருடத்தில் 1,500 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, பேட்டரி புதுசு மாதிரி" என்பது அடுத்த நம்பிக்கை. லித்தியம் பேட்டரி ஓடாமல் நின்றாலும் மூப்படையும். முழுச் சார்ஜில் வாரக்கணக்கில் நின்றால் இன்னும் வேகமாக மூப்படையும். ஞாயிறு சவாரிக்காக திங்கள் முதலே நூறு சதவீதத்தில் நிறுத்தி வைக்கப்பட்ட வண்டிகள்தான் இந்தச் சந்தையில் அதிகம் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. பெங்களூருவின் மிதமான வெயில் சேதத்தைக் குறைக்கும்; நிறுத்தாது.

திரையில் 100% காட்டுவதும் சான்றல்ல. கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கை இழந்த பேட்டரியும் முழுச் சார்ஜில் புதியதன் வோல்ட்டேஜையே காட்டும். விற்பவர் இரவெல்லாம் சார்ஜ் போட்டு வைத்திருந்தால் அது வாங்குபவருக்கு உதவியல்ல. 20 சதவீதத்தில் வைத்திருக்கச் சொல்லி, பிளக்கில் மாட்டும் யூனிட் மீட்டர் வழியாக 100 வரை ஏற்றிப் பார்ப்பதே சரியான சோதனை. 4 கிலோவாட்-மணி பேட்டரி என்றால் உள்ளே போக வேண்டியது 3.2 யூனிட், சார்ஜர் இழப்பையும் சேர்த்தால் மீட்டர் ஏறத்தாழ மூன்றரை காட்ட வேண்டும். இரண்டரையிலேயே நின்றால் பேட்டரியின் கொள்ளளவு எழுபது சதவீதம் அளவுக்கு இறங்கிவிட்டது என்று கொள்ளலாம். பிறகு மேட்டில் முழு ஆக்சிலரேட்டரில் ஏற்றிப் பார்க்க வேண்டும். சார்ஜ் சட்டென்று பல சதவீதம் சரிந்தால் ஏதோ சில செல்கள் தளர்ந்திருக்கின்றன.

"ஐபி67 இருக்கிறது, தண்ணீர் ஒன்றும் செய்யாது" என்பது பாதி உண்மை. புதிய பாகம் ஒரு மீட்டர் நல்ல தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்பதே அதன் பொருள். பிரஷர் வாஷின் பீச்சலுக்கு அந்த எண் பொறுப்பேற்காது. சேறு படிந்த டர்ட் பைக்கோ பெரும்பாலும் அப்படித்தான் கழுவப்படுகிறது. கனெக்டர்களைக் கழற்றி, பச்சைப் பாசிபோலத் துரு ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

இன்ஜின் இல்லாததால் தேய்மானமே இல்லை என்பாரும் உண்டு. செயின், ஸ்ப்ராக்கெட், ஃபோர்க் ஆயில் சீல், சக்கர பேரிங், ஸ்போக் எல்லாம் பெட்ரோல் வண்டியில் தேய்வதுபோலவே தேயும்.

வாரன்டி வண்டியோடு தானாகவே வந்துவிடும் என்றும் நம்பக்கூடாது. அது புது உரிமையாளருக்கு மாறுமா, பந்தயத்தில் ஓட்டியதால் ரத்தாகியிருக்குமா என்பதை நிறுவனத்திடமே எழுத்தில் கேட்க வேண்டும். செயலியோடு இணைந்த வண்டியானால் பழைய உரிமையாளர் தன் கணக்கிலிருந்து அதை விடுவித்த பிறகே மீதிப் பணம். பதிவுள்ள வண்டிக்குப் படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவர் கையெழுத்து வேண்டும். கடனில் வாங்கியதாயின் வங்கியின் படிவம் 35-உம் வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும், இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும்.