புத்தம்புது மரக்கறியை அயற்சந்தைக்குக் கொண்டுசெல்லல்

தோட்டத்தில் நன்றாய் விளைந்த மரக்கறி, வாங்குவோர் கையைச் சேருமுன்னரே தன் பெறுமதியிற் பெரும்பங்கை இழந்துவிடுதல் உண்டு. இலங்கையில் விளையும் மரக்கறி, பழங்களில் நூற்றுக்கு 30 முதல் 40 வரையான பங்கு அறுவடையின்பின் வீணாகின்றதென மதிப்பிடப்பட்டுள்ளது. இது காய்களின் இழப்பு மாத்திரமன்று. விதை, பசளை, இறைப்பு, கூலி ஆகியவற்றுக்குச் செலவிட்ட பணமும் கமக்காரரின் உடலுழைப்பும் அவற்றோடு கழிகின்றன. ஆதலால், விளைச்சலைப் பெருக்குவதிற் காட்டும் ஊக்கத்தை விளைந்ததைக் காப்பதிலும் காட்டுதல் வேண்டும்.

அயற்சந்தையின் வாய்ப்பு

1999ஆம் ஆண்டில் தம்புள்ளையிற் பொருளாதார மத்திய நிலையம் திறக்கப்பட்டது. அங்கிருந்து யாழ்ப்பாணம் வரும் மரக்கறி இருநூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரத்தை லொறியிற் கடக்கின்றது. சுன்னாகம், திருநெல்வேலி, மருதனார்மடம் போன்ற சந்தைகளின் அயலிலுள்ள கமக்காரரோ காலையிற் பறித்ததை அன்று காலையிலேயே விற்கலாம். தூரத்து வியாபாரி எவ்வளவு பணம் செலவிட்டாலும் பெறமுடியாத வாய்ப்பு இதுவாகும். எனினும், முதல்நாள் உச்சிவெயிலிற் பறித்துச் சாக்கில் அடைத்து வைத்த காய், பக்கத்து ஊரிலிருந்து வந்தாலும் லொறியில் வந்த காயினும் மேலானதன்று. அண்மை தரும் பயனை அறுவடை முறையே காக்கின்றது.

பறித்த பின்னும் உயிருண்டு

செடியினின்று பிரிக்கப்பட்ட காயும் இலையும் தொடர்ந்து சுவாசிக்கின்றன; சேமித்த உணவைச் செலவிட்டு வெப்பத்தை வெளிவிடுகின்றன; நீரை ஆவியாக இழக்கின்றன. வேரிலிருந்து நீர் கிடையாமையால் அவ்விழப்பு ஈடுசெய்யப்படுவதில்லை. வெப்பநிலை 10 பாகை செல்சியசு உயருந்தோறும் சுவாசம் ஏறக்குறைய இரண்டு அல்லது மூன்று மடங்காகின்றது. வெயிலிற் கிடந்த கீரை ஓரிரு மணி நேரத்துள் வாடுவதன் காரணம் நீரிழப்பே. நீர் குறையுமிடத்து நிறையும் குறைகின்றது. நிறுத்து விற்கப்படும் பண்டத்தில் நிறைக்குறைவு நேரடியான பண இழப்பாகும்.

பறிக்கும் பருவமும் நேரமும்

வெண்டிக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்பவர் அதன் முற்றலை அறிய விரும்புகிறார். பூ மலர்ந்து ஏறக்குறைய ஒரு வாரத்துள் பறித்த காய் எளிதில் ஒடியும். பிந்தினால் நார் ஏறும். ஆகவே வெண்டியை ஒன்றுவிட்டொரு நாள் பறித்தல் நன்று. முற்றிய காய்களைச் செடியில் விட்டுவிட்டால் புதிய காய்கள் பிடிப்பதும் குறையும். பயற்றங்காயையும் போஞ்சியையும் உள்ளிருக்கும் விதை புடைக்குமுன் பறித்தல் வேண்டும். தக்காளியைத் தூரத்துக்கு அனுப்புவதாயின் நிறம் மாறத் தொடங்கும்போது பறிக்கலாம். அயற்சந்தைக்காயின் செடியிலேயே நன்கு சிவக்க விடலாம். பூசணியைத் தோல் தடித்தபின் காம்பின் ஒரு பகுதியோடு வெட்டியெடுத்தல் வேண்டும். காம்பு கழன்ற இடத்தினூடாக அழுகல் நுழையும்.

காலையின் குளிர்ந்த பொழுதே அறுவடைக்கு ஏற்றது. கீரையை விடியற்காலையிற் பிடுங்கலாம். போஞ்சி, தக்காளி போன்றவற்றைப் பனிநீர் உலர்ந்தபின் பறிப்பதே நன்று. ஈரத்தோடு குவித்தவை விரைவில் அழுகும். காயை இழுத்துப் பிய்க்காது கத்தியாலோ கத்தரிக்கோலாலோ காம்பை வெட்டுதல் வேண்டும்.

நிழல், நீர், பெட்டி

பறித்தவற்றை வரம்பிற் குவியாது உடனே மரநிழலுக்கோ கிடுகுக் கொட்டிலுக்கோ கொண்டுசெல்க. கீரையின் வேரிலுள்ள மண்ணைச் சுத்தமான கிணற்றுநீரிற் கழுவி நீரை வடியவிடுக. குளத்து நீரையோ வாய்க்கால் நீரையோ தெளித்தல் ஆகாது. அதனால் உண்பவருக்கு நோய் உண்டாகலாம். பூச்சி குடைந்தவற்றையும் அழுகத் தொடங்கியவற்றையும் தோட்டத்திலேயே ஒதுக்குதல் வேண்டும். அழுகிய ஒன்று தன்னைச் சூழ்ந்த பலவற்றைக் கெடுக்கும்.

பழுத்த தக்காளி, வாழை, பப்பாசி ஆகியன எதிலீன் என்னும் வாயுவை வெளிவிடும். அதனால் அருகிலுள்ள கீரை மஞ்சளாகும், பாகற்காய் பழுக்கும். இவற்றை ஒரே பொதியிற் கட்டுதல் கூடாது.

சாக்கில் அமுக்கிக் கட்டிய காய்களுள் அடியிலுள்ளவை மேற்சுமையால் நசியும், நடுவிலுள்ளவை புழுங்கும். 2011ஆம் ஆண்டில் மரக்கறியைப் பிளாத்திக்குப் பெட்டிகளிற் கொண்டுசெல்லல் வேண்டுமென அரசாங்கம் விதித்தபோது எதிர்ப்பு எழுந்தது. பெட்டியின் விலையும், வெறும்பெட்டியைத் திரும்பக் கொண்டுவருஞ் செலவும் தூரத்து வணிகத்துக்குப் பெருஞ்சுமையாகும். அயற்சந்தைக்குச் செல்பவருக்கு இரண்டாவது இடர் பெரும்பாலும் இல்லை. விற்று முடிந்ததும் அவர் பெட்டியோடு வீடு திரும்பலாம். பெட்டி இல்லாதவிடத்து, வாழையிலை பரப்பிய பனையோலைக் கடகமும் உதவும். அதனையும் வாய்வரை நிரப்பாதிருத்தல் நன்று.

மருந்து தெளித்த தோட்டம்

காய் எவ்வளவு பசுமையாய்த் தோன்றினும், நஞ்சு எஞ்சியிருக்குமாயின் அது நல்லுணவாகாது. பூச்சிநாசினியின் சுட்டுத்துண்டில், கடைசியாகத் தெளித்த நாளுக்கும் அறுவடைக்கும் இடையே விடவேண்டிய நாட்கள் குறிக்கப்பட்டிருக்கும். அந்நாட்கள் கழியுமுன் பறித்தல் கூடாது. சந்தையில் விலை ஏறிய நாளிலேயே இவ்விதியை மீறும் எண்ணம் எழும். வாங்குபவர் அயலவர், உண்பவர் அவருடைய பிள்ளைகள். தெளித்த நாளையும் மருந்தின் பெயரையும் கொப்பி ஒன்றிற் குறித்து வைப்பவருக்கு இதில் ஐயம் ஏற்படாது.

நெற்செய்கையாளர் கவனத்துக்கு

அரிசிக்கும் புதுமை உண்டு. தீட்டாத அரிசியின் தவிட்டில் எண்ணெய் உளது. அவ்வெண்ணெய் குற்றியபின் நாட்செல்லச் சிக்கல் நாற்றம் அடையும். ஆதலால் நெல்லை ஈரம் 14 வீதத்துக்கு மேற்படாதவாறு உலர்த்தி, உமியோடு சேமித்து, விற்குமளவுக்கு மட்டும் சிறிது சிறிதாகக் குற்றுவித்தல் வேண்டும். இவ்வாறு செய்வோர் மரக்கறி வாங்க வருபவருக்கே புத்தரிசியையும் விற்கலாம்.

நம்பிக்கையே நிலையான விலை

மேலே நல்ல காயும் அடியிற் சொத்தைக் காயும் வைத்து விற்பவர் ஒருமுறையே விற்பார். பெரியவை, சிறியவை, வடுவுள்ளவை எனத் தரம் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஏற்ற விலை கூறுபவரை வாங்குவோர் மீண்டும் தேடி வருவர். வழக்கமாக வாங்கும் வீடுகளும் கடைகளும் சிலவேனும் அமையுமாயின், சந்தையில் விலை வீழ்ந்த நாளிலும் விளைபொருள் முழுவதையும் கிடைத்த விலைக்குக் கொடுக்கவேண்டிய நிலை ஏற்படாது.

முதலில் ஒரு பயிரில் இம்முறைகளைக் கைக்கொண்டு, கழிவாக நீக்கிய நிறையையும் பெற்ற விலையையும் முந்திய போகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தல் நன்று. ஒவ்வொரு பயிருக்கும் உரிய அறுவடைப் பருவத்தையும் மருந்து தெளித்தபின் விடவேண்டிய இடைவெளியையும் பற்றி மேலும் அறிய விரும்புவோர் தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுக.