வேலிக் கொவ்வையும் பந்தற் பாகலும்
நீரிழிவு நோயுள்ள கமக்காரர் அறிய வேண்டியவை

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று முதலிய ஊர்களில் நெல்லும் மரக்கறியும் விளைவிக்கும் கமக்காரர்களுக்காக இப்பிரசுரம் எழுதப்பட்டுள்ளது. நீரிழிவு என்றும் சலரோகம் என்றும், பேச்சு வழக்கிற் சீனி வருத்தம் என்றும் சொல்லப்படும் நோய், செல்வம் படைத்தோர்க்கே உரியதென்று ஒரு காலத்தில் எண்ணப்பட்டது. இன்று அவ்வாறன்று. 2005, 2006 ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நடைபெற்ற ஆய்வொன்று, வயது வந்தோரிற் பத்தில் ஒருவருக்கு இந்நோய் இருப்பதைக் காட்டிற்று. 2018, 2019 ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற பிறிதோர் ஆய்வில் அத்தொகை ஐந்தில் ஒருவருக்கு மேலாகிவிட்டது. வரம்பு கட்டி வயல் உழுபவரும் இதற்கு விலக்கல்லர்.

இந்நோய்க்கு நல்லவை எனப்படும் மூலிகைகள் பல நம் வளவிலும் வேலியிலும் வளர்கின்றன. அவற்றுள் எவை பயன் தருவன, அவற்றை எவ்வாறு பயிரிடலாம், எவ்வளவு தூரம் நம்பலாம் என்பவற்றை இங்கே கூறுவோம். மூலிகை உணவோடு சேர வேண்டியது. வைத்தியர் தந்த மருந்தின் இடத்தைப் பிடிக்க வேண்டியதன்று. இவ்வொன்றை மனத்திற் கொண்டு மேலே வாசியுங்கள்.

நோயின் இயல்பு

நாம் உண்ணும் சோறு குடலிற் சீனியாக மாறி இரத்தத்திற் கலக்கின்றது. அச்சீனியை உடலின் தசைகள் ஏற்றுக்கொள்வதற்கு, கணையம் சுரக்கும் இன்சுலின் வேண்டும். வாய்க்காலிற் கரை முட்ட நீர் ஓடினும், வக்கடையைத் திறவாவிட்டாற் பயிர் வாடும். இன்சுலின் அந்த வக்கடையைத் திறப்பது போன்றது. அது குறைந்தாலும், அதன் சொல்லை உடல் கேளாவிட்டாலும், இரத்தத்திற் சீனி தேங்கி நிற்கும். உடலோ சோர்ந்து போகும். தேங்கிய சீனி ஆண்டுக்கணக்கிற் கண்ணையும் சிறுநீரகத்தையும் கால் நரம்புகளையும் கெடுத்துவிடும்.

ஆயுர்வேத நூல்கள் இந்நோயை மதுமேகம் என்னும். சிறுநீர் தேனைப் போல் இனித்தலை அக்கால வைத்தியர் கண்டறிந்தமையால் இப்பெயர் வந்தது. நம் பகுதியில் ஆயுர்வேதம், சித்தம், யூனானி ஆகிய மூன்று முறைகளிலும் வைத்தியம் செய்வோர் உளர். 1961 ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் இம்முறைகளின் வைத்தியர்களைப் பதிவு செய்வதற்கு வழி வகுத்தது. பதிவு பெற்ற வைத்தியரிடம் செல்வது வேறு. சந்தையிற் பெயரில்லாத பொடியை வாங்கி உண்பது வேறு.

கொவ்வை

வேலியிலே தானாகப் படரும் கொவ்வையை நம்மவர் சுண்டலாகச் சமைத்துண்பது பழைய வழக்கம். இலங்கையில் நடந்து 2011 இல் வெளியான ஆய்வொன்றில், நோயற்ற 61 பேர் சேர்க்கப்பட்டனர். ஒரு பகுதியினர்க்கு 20 கிராம் கொவ்வையிலையைத் தேங்காய்த் துருவலும் உப்பும் சேர்த்துக் கொடுத்தனர். அதன் பின் சீனிக்கரைசல் அருந்திய வேளையில், இலை உண்டோரின் இரத்தச் சீனி மற்றவர்களினதைக் காட்டிலும் குறைவாகவே ஏறிற்று. கொவ்வையிலையிலிருந்து எடுத்த மருந்தை, புதிதாக நோய் கண்டறியப்பட்டோர்க்கு மூன்று மாதம் கொடுத்துச் செய்த ஆய்வு 2021 இல் வெளியாயிற்று. அதிலும் நற்பயன் காணப்பட்டது. ஆகவே கொவ்வைச் சுண்டல் வீண் நம்பிக்கையன்று. எனினும் அது சிறிதளவு துணை செய்வதேயன்றி, முற்றிய நோயைத் தனியே அடக்க வல்லதன்று.

நடுகை: கொவ்வையில் ஆண் கொடியும் பெண் கொடியும் வெவ்வேறானவை. காய் வேண்டுவோர் காய்த்த கொடியிலிருந்தே தண்டு வெட்ட வேண்டும். இலைக்காயின் எதுவும் ஏற்றது. பென்சிற் பருமனுள்ள முற்றிய தண்டை மூன்று நான்கு கணுக்கள் இருக்கும்படி வெட்டுக. ஐப்பசியில் மழை தொடங்கியதும், வேலியோரமாக ஓர் அடி ஆழக் குழியில் மேல்மண்ணும் உக்கிய மாட்டெருவும் நிரப்பி, இரண்டு கணுக்கள் மண்ணுள் இருக்குமாறு நடுக. குழிக்குக் குழி ஐந்தடி இருத்தல் நன்று. நம் கரையோர மணல் நீரைத் தாங்காது. ஆதலின் அடியில் வைக்கோலோ சருகோ பரப்பி ஈரத்தைக் காக்க வேண்டும். கொடி நன்கு படர்ந்த பின் இளந்தளிர்களை வாரத்திற்கொரு முறை கிள்ளலாம். கிள்ளக் கிள்ளக் கிளை பெருகும். அடுத்த வளவிற்குப் படரவிடாது வெட்டிக் கட்டுப்படுத்துக.

பாகல்

பாகற்காயின் கசப்பிலுள்ள சில பொருட்கள் இரத்தச் சீனியைக் குறைக்கும் தன்மையுடையன. தாய்லாந்தில் நடந்து 2011 இல் வெளியான ஆய்வொன்றில், நாளொன்றுக்கு 2000 மில்லிகிராம் பாகற்பொடி உண்டோரின் சீனி சிறிது குறைந்தது. ஆயின் 1000 மில்லிகிராம் மெற்போமின் மாத்திரை உண்டோர்க்கு அதனினும் கூடுதலாகக் குறைந்தது. பாகலின் வலிமையும் எல்லையும் இதனால் விளங்கும். காயாகக் கறி வைத்து உண்பதே சிறந்தது. வெறும் வயிற்றிற் சாறு பிழிந்து குவளை குவளையாகக் குடித்தல் வயிற்றுப்போக்கையும் சீனியின் திடீர் வீழ்ச்சியையும் உண்டாக்கலாம். கருவுற்ற பெண்கள் பாகற்சாற்றை முற்றாகத் தவிர்க்க வேண்டும்.

நடுகை: எம்.சி. 43, தின்னவேலி வெள்ளை, மாத்தளைப் பச்சை என்பன விவசாயத் திணைக்களம் சிபார்சு செய்த இனங்கள். பெருமழை ஓய்ந்த பின், கிணற்று நீர் இறைக்கும் வசதியுள்ள வளவிற் பயிரிடுக. விதையை ஓரிரவு நீரில் ஊறவைத்து, ஐந்தடி இடைவெளியில் எருவிட்ட குழிகளில் ஊன்றுக. கொடி ஓடத் தொடங்குமுன் பந்தல் அமைத்துவிடுக. நட்டு ஏறக்குறைய இரண்டு மாதத்திற் காய் பறிக்கலாம்.

பாகலின் பெரும் பகை பழ ஈ. அது பிஞ்சினுள் முட்டையிடும். காய் மஞ்சளாகி அழுகி விழும். பிஞ்சு இரண்டங்குலம் வளர்ந்ததும் கடதாசிப் பையால் மூடிக் கட்டுக. விழுந்த காய்களை அவ்விடத்தே கிடக்கவிடாது பொறுக்கி ஆழப் புதைத்துவிடுக. இவ்விரண்டையும் தவறாது செய்பவர்க்குப் பெரும்பாலும் நஞ்சு தெளிக்கும் தேவை நேராது.

ஆவரை, சிறுகுறிஞ்சா, பொன்குறண்டி

ஆவரை வறண்ட நிலச் செடி, மணலிலும் நிற்கும். விதைத்தோல் கடினமாதலின், சுடுநீரில் இட்டு ஓரிரவு வைத்திருந்து விதைக்க வேண்டும். பூவை நிழலில் உலர்த்திக் குடிநீராக அருந்துவர். ஆயின் அதனைப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்பதனாற் பயன் யாது? பனங்கட்டியும் தேனும் சீனியே. நீரிழிவாளர் ஆவரைக் குடிநீரை எவ்வினிப்பும் இன்றி அருந்துக.

சிறுகுறிஞ்சா இலையை மென்றாற் சிறிது நேரம் நாவிற் சீனியின் இனிப்புத் தெரியாது. இது வியப்பான இயல்பு. இனிப்பின் மேலுள்ள ஆசையை அடக்கவும் துணை செய்யும். ஆயினும் நாவிற் சீனி தெரியாமற் போவதால் இரத்தத்திற் சீனி இல்லாமற் போய்விடாது.

பொன்குறண்டியைச் சிங்களத்திற் கோத்தல ஹிம்புட்டு என்பர். அதன் மரத்திற் கடைந்த குவளையில் இரவில் நீர் ஊற்றி வைத்துக் காலையிற் குடிப்பது நெடுநாள் வழக்கம். அதிலுள்ள சலசினோல் என்னும் பொருளை 1997 இல் யப்பானிய ஆய்வாளர் பிரித்தெடுத்தனர். குடலில் மாப்பொருள் சீனியாக மாறுவதை அது தாமதப்படுத்துகின்றது. பொன்குறண்டி சேர்ந்த தேநீரை 51 நோயாளர்க்குக் கொடுத்து இலங்கையிற் செய்த ஆய்வு 2005 இல் வெளியாயிற்று. தேநீர் அருந்திய மூன்று மாதத்தில் அவர்களின் நோய் நிலை சற்றுத் திருந்திற்று. இக்கொடி ஈரவலயக் காடுகளுக்கு உரியது. நம் மணற்பாங்கிற் பயிரிட ஏற்றதன்று. எனவே மரத்துண்டென்று சொல்லி விற்பதையெல்லாம் வாங்கி ஏமாற வேண்டாம்.

விலக்க வேண்டியவை

காமரங்காய்ச் சாறும் பிலிம்பிச் சாறும் நீரிழிவுக்கு நல்லவை என்று சிலர் கூறுவர். இது பேராபத்தான கூற்று. இவற்றில் ஒட்சாலிக்கமிலம் மிகுதி. சாறாகப் பிழிந்து குடித்தோர்க்குச் சிறுநீரகம் பழுதுற்ற செய்தியை இலங்கையிலும் கேரளத்திலும் மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். நீரிழிவினாற் சிறுநீரகம் ஏற்கெனவே நலிந்திருப்போர்க்கு இச்சாறு நஞ்சேயாகும்.

வயல் வரம்பில் முளைத்த கீரைகளையும் எண்ணிப் பாருங்கள். களைகொல்லியோ பூச்சிகொல்லியோ தெளித்த வரம்பில் வல்லாரையும் பொன்னாங்காணியும் பசுமையாகவே தோன்றும். உண்பவர்க்கு அதன் தீங்கு தெரியாது. மருந்துக்கென்று உண்ணும் இலையை நஞ்சு படாத வளவிலேயே வளர்த்தல் வேண்டும். மரக்கறிக்கு நஞ்சு தெளிக்க நேரிட்டால், தெளித்த நாளுக்கும் பறிக்கும் நாளுக்கும் இடையே விடவேண்டிய நாட்களைச் சுட்டுத்துண்டில் வாசித்து, அதன்படி காத்திருந்தே பறியுங்கள். சந்தைக்கு அனுப்பும் காய்க்கும் இதுவே விதி. வாங்கி உண்பவரும் நோயாளராக இருக்கலாம் அல்லவா?

மாத்திரையும் மூலிகையும்

இன்சுலின் போடுவோரும், கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட் போன்ற மாத்திரைகளை உண்போரும், அவற்றோடு கடுங்கசாயங்களையும் சேர்த்தால் இரத்தச் சீனி அளவுக்குக் கீழே இறங்கிவிடலாம். 70 மில்லிகிராமிற்குக் குறைவது ஆபத்து. அப்போது வியர்வை, நடுக்கம், மயக்கம், தடுமாற்றம் தோன்றும். கொளுத்தும் வெயிலில் வேலை செய்பவர் இதனை வெயிலின் களைப்பென்றே எண்ணிவிடுவர். வயலில் தனியாக நிற்கையில் இது உயிருக்கே கேடாகலாம். ஆகவே இம்மருந்துகளை உட்கொள்வோர் சீனிப் பொட்டலமொன்றை எப்போதும் மடியில் வைத்திருத்தல் வேண்டும். அறிகுறி தோன்றியதும் மூன்று தேக்கரண்டி சீனியை நீரிற் கலந்து குடித்து, வரம்பில் அமர்ந்து இளைப்பாறி, பின்னர் உணவு கொள்க. இதனை உடன் வேலை செய்வோர்க்கும் முன்கூட்டியே சொல்லி வைக்குக.

நோன்பு மாதத்தில் இன்னும் கவனம் வேண்டும். நோன்பு தொடங்குவதற்கு ஒன்றிரண்டு மாதம் முன்னரே வைத்தியரைக் கண்டு, மாத்திரையின் அளவையும் வேளையையும் திருத்திக்கொள்க. ஸஹர் உணவைத் தவறவிடாதீர்கள். ஸஹரிற் கசாயம் குடித்து, மாத்திரையும் உண்டு, பகல் முழுதும் வயலில் வேலை செய்வது கூடாது. சீனி 70 மில்லிகிராமிற்குக் குறைந்தால் நோன்பை விடுதல் வேண்டும். நோயாளர்க்கு மார்க்கம் சலுகை அளித்துள்ளது.

மாத்திரையை நிறுத்திவிட்டு மூலிகையை மட்டும் நம்புவது மறுபக்கத் தவறு. சில நாட்களில் உடலில் வேறுபாடு தெரியாது. ஆகவே நோய் மாறிற்று என்று தோன்றும். உள்ளே சிறுநீரகமும் கண்ணும் கெட்டுக்கொண்டிருக்கும். மாத்திரையை ஆங்கில மருந்தென்று வெறுக்கவும் வேண்டியதில்லை. மெற்போமின் மாத்திரையின் வரலாறும் ஐரோப்பிய மூலிகையொன்றின் ஆராய்ச்சியிலிருந்தே தொடங்கிற்று. மூலிகையை அளந்து, சோதித்து, தூய்மையாக்கிக் கொடுப்பதே மாத்திரை என்று கொள்ளலாம்.

சோறும் தேநீரும்

கொவ்வைச் சுண்டலை ஒரு கைப்பிடி உண்டு, சோற்றை மலைபோற் குவித்தாற் பயனில்லை. தீட்டாத தவிட்டரிசி நன்று. பச்சைப்பெருமாள் போன்ற சிவப்பு நெல்லை விளைவிப்போர், வீட்டுத் தேவைக்கான நெல்லை ஆலையில் மிகுதியாகத் தீட்டாது குற்றி எடுக்கலாம். அரிசி எதுவாயினும் அளவே முதன்மையானது: தட்டிற் பாதி மரக்கறியும் கீரையும், காற்பங்கு சோறு, காற்பங்கு மீனோ பருப்போ இருக்கட்டும். வயலுக்குக் கொண்டு செல்லும் தேநீரிற் சீனியைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துக. நாளொன்றுக்கு ஐந்து முறை இரண்டிரண்டு கரண்டி சீனி சேர்த்தால், அது பத்துக் கரண்டியாகும்; எந்த மூலிகையும் இதனை ஈடு செய்யாது.

நினைவிற் கொள்க

1. இரத்தச் சோதனையின்றி மூலிகை தொடங்க வேண்டாம். வெறும் வயிற்றிற் சீனி 126 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருப்பின், மறுமுறையும் சோதித்து நோயை உறுதி செய்வர். அரசாங்க வைத்தியசாலைகளில் இச்சேவை இலவசம்.

2. உண்ணும் மூலிகை எதுவாயினும் கிளினிக் வைத்தியரிடம் மறையாது கூறுக. ஆயுர்வேத வைத்தியரிடம் உண்ணும் மாத்திரையைக் காட்டுக.

3. மூலிகையை உணவளவிற் கொள்க: கொவ்வையிலை ஒரு கைப்பிடி, பாகல் ஒரு கறி.

4. சேற்றில் இறங்கி வந்த ஒவ்வொரு மாலையும் கால்களைக் கழுவித் துடைத்து, உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பார்க்குக. நரம்பு மரத்த காலில் ஊரி வெட்டினாலும் வலி தெரியாது. சிறு புண்ணாயினும் உடனே வைத்தியசாலைக்குச் செல்க. காலந்தாழ்த்தினாற் காலையே இழக்க நேரிடலாம்.

5. நடுகைத் தண்டு, விதை, பழ ஈக் கட்டுப்பாடு என்பன பற்றி உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிக.

கமக்காரரே, வரும் ஐப்பசி மழைக்கு வேலியில் நான்கு கொவ்வைத் தண்டுகளை நட்டுவையுங்கள். கறிக்கு இலை கிடைக்கும். மிகுதியைச் சந்தைக்குக் கொடுக்கலாம். நட்ட அவ்வாரத்திலேயே இரத்தத்தையும் சோதித்துக்கொள்ளுங்கள்.