குறைமாதப் பிரசவத்தைக் குருதியில் அறிய முடியுமா?

தாயின் வயிற்றில் 37 வாரங்கள் நிறையுமுன் பிறக்கும் பிள்ளையைக் குறைமாதப் பிள்ளை என்கிறோம். உலகில் பிறக்கும் பத்துப் பிள்ளைகளில் ஏறத்தாழ ஒன்று இப்படிப் பிறக்கிறது. 2020 ஆம் ஆண்டில் மட்டும் இத்தொகை சுமார் 134 இலட்சம். எந்தத் தாய்க்கு இது நேரும் என்பதைக் குருதியைச் சோதித்து முன்கூட்டியே அறியலாமா என விஞ்ஞானிகள் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகின்றனர்.

கிணற்றில் உவர் ஏறுவதை வெங்காயத் தாள் கருகிய பின் அறிந்து பயனில்லை என்பது தோட்டக்காரருக்குத் தெரியும். தண்ணீரை முன்பே சோதித்தால் இறைப்பைக் குறைக்கலாம், பயிரை மாற்றலாம். இந்த ஆராய்ச்சியின் நோக்கமும் அதுவே. பிள்ளையிலிருந்தும் நச்சுக்கொடியிலிருந்தும் மிக நுண்ணிய துணுக்குகள் தாயின் குருதியில் வந்து கலக்கின்றன. அவற்றுள் ஆர்.என்.ஏ. என்பது ஒருவகை. உடலின் எந்தப் பகுதி என்ன வேலை செய்கிறது என்பதை அது காட்டும். 2018 இல் அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தினரும் டென்மார்க் ஆய்வாளரும், இத்தகைய ஏழு ஆர்.என்.ஏ.க்களின் அளவைக் கொண்டு, பிரசவத்துக்கு இரண்டு மாதம் வரை முன்னதாகவே ஆபத்தை ஊகிக்கலாம் என்று வெளியிட்டனர். பத்திரிகைகள் இதைப் பெரிதாக எழுதின. ஆனால் ஆபத்துக் கூடியவர்களென அந்த ஆய்வில் சேர்க்கப்பட்ட தாய்மார் 38 பேரே.

இப்படி ஒரு சோதனை நம்மிடம் வந்தால் என்ன நடக்கும்? ஒரு கணக்குப் பார்ப்போம். நூறு தாய்மாரில் பத்துப் பேருக்குக் குறைமாதப் பிரசவம் நேரும் என்று வைத்துக்கொள்வோம். சோதனை அவர்களில் எட்டுப் பேரைச் சரியாகக் காட்டுகிறது. மற்றத் தொண்ணூறு பேரில் ஆறிலொருவரைத் தவறாக ஆபத்து என்கிறது. அப்படியானால் 'ஆபத்து' என்று கேட்டு வீடு திரும்புவோர் 23 பேர். அவர்களில் 15 பேர் வீணாகக் கலங்குவர். 'பயமில்லை' என்று சொல்லப்பட்டோரிலும் இருவருக்குக் குறைமாதத்திலேயே வலி கண்டுவிடும்.

2020 இல் வங்காளதேசம், பாக்கிஸ்தான், தன்சானியா, சாம்பியா நாட்டுத் தாய்மாரின் குருதியை வைத்தும் ஓர் ஆய்வு வெளிவந்தது. இந்தியாவில் டெல்லிக்கு அருகே குருகிராம் அரச ஆஸ்பத்திரியில் 2015 முதல் ஆயிரக்கணக்கான கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து ஆராய்கிறார்கள். நம் ஊர்க் கிளினிக்கில் இச்சோதனை இல்லை. அதற்காக ஏங்கவும் வேண்டியதில்லை.

ஏனெனில் கிளினிக்கில் ஏற்கெனவே எடுக்கும் குருதியே பல செய்திகளைச் சொல்கிறது. சிபிலிசு நோயைக் கவனியாது விட்டால் பிள்ளை இறந்தோ குறைமாதத்திலோ பிறக்கக்கூடும். ஆனால் சோதனையில் தெரிந்தால் பெனிசிலின் ஊசியால் மாற்றிவிடலாம். இலங்கையில் கர்ப்பிணிகள் எல்லோரையும் சோதித்து வந்ததனால்தான், இந்நோயும் எச்.ஐ.வி.யும் தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை ஒழித்த நாடு என 2019 இல் உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது. வன்னிக்கு இடம்பெயர்ந்த தாய்மாரை அன்று வாட்டிய மலேரியாவும் இப்படியே. காய்ச்சல்காரரின் விரல்நுனிக் குருதியைத் தேடித்தேடிச் சோதித்து மருந்து கொடுத்தார்கள். 2016 இல் நாடு மலேரியா அற்றதாக அறிவிக்கப்பட்டது. சோதனையின் பின்னால் மருந்து இருந்தது. அதுதான் வேறுபாடு.

ஈமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் குருதிச்சோகை. சோகையுள்ள தாய்க்குக் குறைமாதப் பிரசவ ஆபத்துக் கூடுகிறது. கிளினிக்கில் தரும் இரும்புச்சத்துக் குளிசையைத் தேநீருடன் விழுங்கினால் பாதிப் பயன் போய்விடும். கல்சியக் குளிசையையும் அதே நேரத்தில் எடுக்க வேண்டாம். சலப் பரிசோதனையையும் தவறவிடாதீர்கள். சலத்தில் கிருமி இருப்பதும் முன்கூட்டியே வலி காண ஒரு காரணம்.

இனி, இடம்பெயர்ந்தோருக்கே உரிய ஒரு சிக்கல். 37 வாரம் என்று எண்ணுவதற்குத் தொடக்க நாள் தெரிய வேண்டும். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து ஒரே இரவில் புறப்பட்ட தாய்மாரில் எத்தனை பேர் கிளினிக் அட்டையை எடுத்திருப்பார்கள்? இன்றும் வாடகை வீடு, உறவினர் வீடு என்று மாறும் குடும்பங்களில் பழைய இடத்துக் குடும்பநல உத்தியோகத்தரிடம் பதிந்த பெயர் அங்கேயே நின்றுவிடுகிறது. புதிய இடத்து மிட்வைப்புக்கு இப்படி ஒருவர் வந்திருப்பதே தெரியாது. ஆகவே கடைசி மாதவிலக்குத் திகதியைக் குறித்து வையுங்கள். அது நினைவில்லையென்றால் முதல் மூன்று மாதத்துக்குள் ஸ்கான் எடுத்து நாளைக் கணித்துக்கொள்ளுங்கள். பிந்தினால் கணிப்புப் பிழைக்கும். காணி உறுதியை வைக்கும் பையிலேயே கிளினிக் அட்டையையும் வையுங்கள். வீடு மாறிய கிழமையே புதிய மிட்வைப்பிடம் பதியுங்கள். முன்பு குறைமாதத்தில் பிள்ளை பெற்றிருந்தால் அதை முதலிலேயே சொல்லுங்கள். எந்தப் புதிய குருதிச் சோதனையையும் போல அதுவும் ஒரு முன்னறிவிப்புத்தான்.

நாள் தெரிந்திருப்பது ஏன் இவ்வளவு முக்கியம்? 34 வாரத்துக்கு முன் பிரசவம் நெருங்கினால், பிள்ளையின் சுவாசப்பை முதிர்வதற்குத் தாய்க்கு ஒருவகை ஊசி போடுவார்கள். இந்தியா, பாக்கிஸ்தான் உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2020 இல் வெளியான ஆய்வு, அந்த ஊசி பிள்ளைகளின் உயிரைக் காக்கிறது என்று காட்டியது. ஆனால் அது வேலை செய்யச் சில மணித்தியாலங்களாவது வேண்டும். ஆகவே மாதம் முற்றுமுன் பன்னீர் கசிந்தாலோ, குருதி பட்டாலோ, வயிறு விட்டுவிட்டு இறுகினாலோ, கைமருந்து செய்துகொண்டு விடியும்வரை காத்திராதீர்கள். குறைமாதப் பிள்ளைகளைப் பராமரிக்கும் வசதி யாழ். போதனா வைத்தியசாலையில் உண்டு. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.